கருத்தக்கண்ணன் பேரில் கேஸ்

தமிழ் மொழிக்கு இனி ஒரு புதுச் சொல்கூடத் தேவையில்லை என்று துப்பறிவாளர் உக்கிரபாண்டி அன்று காலை அறிவித்தார். அறிவிப்பைக் கேட்க மேலமாசி வீதி மாடி அலுவலகத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள், உதவியாளன் காசிமாயன் ஆகிய நால்வரும் கூடியிருந்தார்கள்.

"இங்கிலீஷ்காரன் விட்டுட்டுப் போன சொல்லே போதும், மாயா. நம்ம ஆயுசுக்கும் வண்டி ஓடும். இப்ப 'லைன்'னு ஒரு சொல்லு. ரயில் லைன், போன் லைன், ரேஷன் கடை லைன், லைன் வீடு, எதிர்வீட்டுப் பொண்ணுக்கு லைன். ஒரே சொல்லு, அஞ்சு எடத்துல வேலை பாக்குது. இதுக்கெல்லாம் தனித்தனியா சொல்லு செஞ்சா, அதுக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?"

"அஞ்சுல எதுன்னு கேக்கிறவனுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எடத்தைப் பாத்துப் புரிஞ்சுக்குவான். தமிழன் என்ன முட்டாளா?"

இதற்குப் பதில் சொன்னால் வேலை போகும் என்பதால் காசிமாயன் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தை ஆராய்ந்தான். வரலாற்றில் பட்டம் வாங்கி, மூன்று வருடம் வேலையைத் தேடி, அது கிடைக்காமல், காணாமல் போனவர்களைத் தேடும் வேலையில் சேர்ந்தவன் அவன்.

உக்கிரபாண்டியின் ஆவேசத்துக்குக் காரணம் முந்தின நாள் மாலை காப்பி கிளப்பில் நடந்த ஒரு சம்பவம். பக்கத்து மேஜையில் உட்கார்ந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், "சூடாக ஒரு குளம்பி கொண்டுவாருங்கள்" என்று கேட்டார். சர்வர் மரியாதையாக, "இது சைவக் கடை சார். ஆட்டுக்கால் சூப்பு எதிர்த்தாப்புல கெடைக்கும்" என்றான். உக்கிரபாண்டிக்கு வடை புரையேறியது. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"காப்பியைக் காப்பின்னு சொன்னா நாக்கு வெந்துருமா? அந்த மாதிரிச் சொல்லு ஒண்ணு, செத்தாலும் என் வாயில வராது. எழுதி வெச்சுக்க."

"தேதி போடணுமாண்ணே?"

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சத்தம் பாதிப் படியில் நின்று, யோசித்து, மறுபடி ஏறியது. வந்தவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஒச்சாயி. குருவிக்கரட்டுலருந்து வாரேன். வாடிப்பட்டிக்கு மேக்க. எங்க வீட்டுக்காரரக் காணோம்."

"அவர் பேரு?" என்றான் காசிமாயன்.

அவள் புருஷன் பேரைச் சொல்லத் தயங்கினாள். "வெள்ளைக்கு மாத்துங்க. அப்புறம் மூஞ்சியில ரெண்டு இருக்கும். பாக்கிறது."

"கருத்தக்கண்ணன்," என்றார் உக்கிரபாண்டி.

"ஆமாங்க."

"கேஸுல பாதி முடிஞ்சிருச்சுண்ணே," என்றான் காசிமாயன்.

அவள் சிரிக்கவில்லை. கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. "அதேதாங்க. அவரு மேல கேஸு. அதான் போயிட்டாரு. என்ன கேஸுன்னுதான் தெரியல."

உக்கிரபாண்டி காலைக் கீழே போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்லருந்து சொல்லு, தாயி."

"எங்கூருக்குக் கப்பல் கம்பெனி வந்துச்சு."

"குருவிக்கரட்டுக்கா?" காசிமாயனால் பொறுக்க முடியவில்லை. "அங்க ஓடையே மழைக்காலத்துல லீவு போட்டுருமே."

"கப்பலு கடல்லதான் நிக்கும். வெளிநாட்டுக் காத்தை அடைச்சுக் கொண்டாந்து எறக்குவாகளாம். அம்புட்டுக் குளுரு வெச்சாக் காத்து தண்ணியாயிருமாம். எறக்குன பெறகு தண்ணியத் திரும்பக் காத்தாக்கி, கொழாயில விட்டு, நம்ம பக்கம் அனுப்புவாகளாம். எங்கூர்ல பெரிய தொட்டி கட்டி, அங்கருந்து மருதைக்கு, மில்லுக்கு எல்லாம் போகும்னாக. தொட்டிக்கு எடம் பாத்துக் கல்லு ஊண்டுனாக. கல்லுக்கு இவரு காவலு."

நாலு வருஷம் கருத்தக்கண்ணன் அந்தக் கல்லுகளைக் காத்தான். மாடு உரசினால் ஓட்டினான். பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வைக்கும் கையோடு கல்லுக்கும் பொட்டு வைத்தான். ஊரில் எவன் கிடைத்தாலும் நிறுத்தி வைத்து, காற்று தண்ணீராகும் கதையைச் சொன்னான். தொட்டி வந்தால் வேலை, வேலை வந்தால் ஓட்டு வீடு, எல்லா வீட்டிலும் புகையில்லாத அடுப்பு. அவன் பேச்சை நம்பிக் கல் ஊன்றின நிலத்தில் இரண்டு பேர் தென்னங்கன்று வைக்காமல் விட்டார்கள். தையில் ரேடியோ சொன்னது: கடலோரத்தில் கப்பல் வந்து இறக்கும் நிலையம் கைவிடப்பட்டது. கப்பல் இல்லையென்றால் குழாய் இல்லை. குழாய் இல்லையென்றால் தொட்டி இல்லை. ரேடியோ ஒரு வரியில் சொல்லிவிட்டு நாதஸ்வரத்துக்குப் போய்விட்டது.

"அதுக்கப்புறம் அவரை யாரும் பேரு சொல்லிக் கூப்பிடல. 'ஏய் கப்பலு, தரை தட்டிருச்சா?'ன்னு கேப்பாக. தென்னை வைக்காதவுக வீட்டு வாசல்ல வந்து வைவாக. ஒருநா மத்தியானம், கடப்பாரைய எடுத்துக்கிட்டுப் போனாரு. அம்புட்டுக் கல்லையும் பேத்து, பாழுங்கெணத்துக்குள்ள தள்ளிட்டு வந்து, பேசாமப் படுத்துக்கிட்டாரு."

"கவருமெண்டுக் கல்லு," என்றார் உக்கிரபாண்டி.

"கவருமெண்டுக் கல்லுதான். மறுவாரம் சாப்பிட உக்காந்தப்ப பஸ் கண்டெய்ட்டரு வாசல்ல நின்னு சொன்னாரு, 'கண்ணா, ஓம் பேர்ல கேஸு வந்திருச்சு, ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடணுமாம்'னு. அவரு எந்திரிச்சாரு. கையக் கழுவல. சோத்துக் கையோட கொல்லைப் பக்கமாப் போனவருதான். ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

அவள் முதன்முறையாக உக்கிரபாண்டியை நேராகப் பார்த்தாள்.

"ஊர்ல திருடன்கிறாக. இருக்கட்டும். ஜெயில்னா ஜெயிலு. நானும் கூடப் போயி வாசல்ல உக்காந்துக்கிறேன். என்ன கேஸுன்னு மட்டும் கண்டுபிடிச்சு, ஆளைக் கொண்டாந்து சேத்துருங்க சார். ஒளிஞ்சு ஒளிஞ்சு எங்க சாப்பிடுறாரோ."

வாடிப்பட்டிக் காவல் நிலையத்தில் வேப்பமர நிழல் பாதி வராந்தா வரை வந்திருந்தது. மீதிப் பாதியில் ஏட்டையா இருந்தார். உக்கிரபாண்டியைக் கண்டதும் சலிப்போடு சிரித்தார்.

"கருத்தக்கண்ணனா? அப்படி ஒரு கேஸே இல்லயே."

"கல்லைப் பேத்து எறிஞ்ச கேஸு?"

"எறிஞ்சான்னு யாரு கம்ப்ளெய்ண்ட் குடுக்கிறது? கம்பெனிதானே குடுக்கணும். கம்பெனியே கல்லுக்கு முந்திப் போயிருச்சே."

"வேற ஸ்டேஷன்ல?"

"ஏய்யா, குருவிக்கரட்டுக்காரன் மேல கேஸ்னா எனக்குத் தெரியாம எவன் போட்டுருவான்? அந்த ஊர்ல கடைசியாக் கேஸ் வந்தது ஒரு கெடா திருட்டு. கெடா தானாவே வீட்டுக்கு வந்திருச்சு. நீங்க ஆளைப் பாத்தா, தைரியமா வரச் சொல்லுங்க. அவன் கல்லை எடுத்துக் கெணத்துல போட்டதுக்கு, பாழுங்கெணத்தைத் தூத்துனான்னு பஞ்சாயத்துல மாலை வேணாப் போடலாம்."

வெளியே வந்ததும் உக்கிரபாண்டி வேகமாக நடந்தார். யோசனை வந்தால் அவர் நடை வேகமாகும். காசிமாயன் பின்னால் ஓடினான்.

"கேஸே இல்ல. ஆனா கேஸ் வந்திருச்சுன்னு ஒருத்தன் சொல்லி விட்டிருக்கான். அப்ப அவன் நோக்கம் என்ன?"

"ஆளை விரட்டுறது."

"எதுக்கு?"

"நெலத்துக்கு. நாளைக்கே வேற கம்பெனி வரும். நாலு வருசக் கதை தெரிஞ்ச காவல்காரன் நடுவுல நிக்கக்கூடாது. எங்கப்பனுக்கே என்னை ஊரைவிட்டு விரட்ட இம்புட்டு நல்ல யோசனை தோணலண்ணே."

"கண்டக்டரைப் பிடி."

கண்டக்டர் அழகுமலையைப் பிடிக்கச் சிரமமே இல்லை. நாகமலை புதுக்கோட்டை, சோழவந்தான் என்று ஊரெல்லாம் சுற்றி, வாடிப்பட்டி வழியாகக் குருவிக்கரட்டுக்குப் போகிற பஸ் அவனுடையது. இவர்கள் ஏறினார்கள், அவன் கையை நீட்டினான்.

"எங்க போகணும்?"

"உன்கிட்டத்தான் வந்திருக்கோம். கருத்தக்கண்ணன்கிட்ட என்ன சொன்னே? எழுத்துக்கு எழுத்து சொல்லு."

"ஓம் பேர்ல கேஸ் வந்திருச்சு, ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்றாங்கன்னேன்."

"சொல்லச் சொன்னது யாரு?"

"சுப்பராமன் சார். கப்பல் கம்பெனி ஆபீசரு. நாகமலை புதுக்கோட்டையில இன்னும் இருக்காரே. ரெண்டு எடம் தள்ளி நில்லுங்க சார், பாட்டியம்மா ஏறணும்."

"அவர் சொன்னது இம்புட்டுத்தானா?"

அழகுமலை விசிலை வாயில் வைத்து, ஊதாமல், யோசித்தான். "கடைசியில இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னாரு. அதுக்குள்ள டிரைவர் வண்டிய எடுத்துட்டான். 'எடுத்துட்டு வா'வோ, 'எடுத்துட்டுப் போ'வோ. ஓடுற பஸ்ஸுல நான் என்ன ராமாயணமா கேக்க முடியும்?"

"எடுத்துட்டு வா!" உக்கிரபாண்டி தொடையில் தட்டினார். தொடை பக்கத்து சீட்டுக்காரருடையது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். "கல்லை எடுத்துட்டு வா. மாயா, ஆபீசர்தான். இல்லாத கேஸைச் சொல்லி மிரட்டியிருக்கான்."

"'எடுத்துட்டுப் போ'ன்னு சொல்லியிருந்தா?"

"கேஸை எவனாவது எடுத்துட்டுப் போவானாடா?"

நாகமலை புதுக்கோட்டையில், மலைக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த வீட்டின் வராந்தாவில் கம்பெனியின் பெயர்ப்பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது, வகுப்பில் தண்டனை வாங்கின பையன் மாதிரி. உள்ளே மேஜைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சுவரில் கடற்கரை வரைபடம் ஒன்று மிச்சம். அதில் நீல மசியில் யாரோ அக்கறையாகக் கப்பல் வரைந்து, புகைபோக்கிக்கு மேல் சின்னதாய்ப் புகையும் போட்டிருந்தார்கள். நடுவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் போனபின் வீட்டை ஒப்படைக்க நிறுத்திவைக்கப்பட்டவர் சுப்பராமன்.

உக்கிரபாண்டி நாற்காலியைத் தேடினார். இல்லை. நின்றுகொண்டே கேள்வியை வீசினார்:

"கருத்தக்கண்ணன் மேல கேஸ் குடுத்தது நீங்கதானே?"

சுப்பராமன் மறுப்பார் என்று எதிர்பார்த்தார். சுப்பராமனின் முகம் மலர்ந்தது.

"ஆமா! நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவன் அனுப்பிச்சானா உங்களை?"

"வாங்கிக் குடுத்தீங்களா?"

"சும்மா கிடைக்குமா என்ன? மதுரையில ஒவ்வொருத்தர் ஆறு வருஷம், ஏழு வருஷமா எழுதி வெச்சுட்டுக் காத்திண்டிருக்கா. நான் நாலு பேர் கிட்ட நடையா நடந்து, கெஞ்சி, அவன் பேர்ல போட வெச்சேன்."

காசிமாயன் உக்கிரபாண்டியின் காதருகே குனிந்தான். "அண்ணே, மதுரையில கேஸுக்குக் க்யூவுல நிக்கிறாங்களாம். நமக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது."

உக்கிரபாண்டி அவனைப் பார்க்கவில்லை. அவருடைய நெற்றியில் ஏதோ ஒன்று நகர்ந்தது. "அது... இப்ப எங்க இருக்கு சார்?"

"எங்க இருக்கும்? உள்ளேதான். பத்திரமா வெச்சிருக்கேன். வாங்கோ, வாங்கோ."

உள்ளறையை அவர் திறந்தார். ஜன்னல் வெளிச்சத்தில், சுவரோரமாக, அட்டைப்பெட்டியில் இருந்து பாதி வெளியே எட்டிப் பார்த்தபடி இரட்டை அடுப்பு ஒன்று பளபளத்தது. அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு சிலிண்டர்.

"புது கனெக்‌ஷன். அவன் ஒரு கையெழுத்துப் போட்டு எடுத்துண்டு போக வேண்டியதுதான்," என்றார் சுப்பராமன்.

 காசிமாயனின் வாய், வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்லிவிடும் வாய், திறந்து மூடியது.

"கப்பல்ல வர இருந்ததை ஆபீஸ்ல நாங்க எல்.என்.ஜி.ன்னு சொல்லுவோம். அவனுக்கு அது வாயில நுழையாது. காத்துன்னே சொல்லுவான், அவன் சொல்றதுதான் ஊர்ல எடுபட்டுது. நான் சொல்லிக் குடுத்ததைத்தானே சொன்னான். வரும், வரும்னு நாலு வருஷம் அவனைச் சொல்ல வெச்சேன். திடீர்னு ஒருநாள் டெல்லியில யாரோ வராதுன்னுட்டா. எனக்கு என்ன, வேற ஊருக்கு மாத்திடுவா. அவன் அந்த ஊர்லேயேன்னா இருந்தாகணும்? கப்பல்ல வரலேன்னாலும், அவன் ஆத்துலயாவது ஒரு அடுப்பு எரியட்டுமேன்னு தோணித்து. பஸ் கண்டக்டர் கிட்டச் சொல்லிவிட்டேன். வரவே இல்லை."

உக்கிரபாண்டி மெதுவாகக் கேட்டார். "அதுக்கப்புறம் அவனைப் பாத்தீங்களா?"

"ஒரே தடவை. போன மாசம். சோழவந்தானுக்குக் கல்யாணத்துக்குப் போறச்சே, ஆத்துக்கு இந்தப் பக்கம், தென்கரையில. கொடிக்கால்லேர்ந்து வெத்தலைக் கட்டு சுமந்துண்டு போறான். நான் ஜீப்பை நிறுத்திக் கத்தினேன். 'கண்ணா! உன் கேஸ் இன்னும் என்கிட்டதாண்டா இருக்கு! வந்து கையெழுத்துப் போடு, முடிஞ்சுடும்!'னு. திரும்பி என்னைப் பார்த்தான். கட்டைக் கீழே போட்டுட்டு ஆத்துப் பக்கம் இறங்கி ஓடிட்டான். நாணல் மறைச்சுடுத்து. கூப்பிட்டுண்டே நின்னேன்." அவர் கையிலிருந்த சாவியைத் திருப்பினார். "கோபம். நியாயந்தானே? ஆனா பாருங்கோ, அடுப்பு மேல என்ன கோபம்? நீங்க பார்த்தேள்னா சொல்லுங்கோ. நான் இன்னும் பத்து நாள்தான் இங்கே இருப்பேன்."

"சொல்றோம் சார்," என்றார் உக்கிரபாண்டி. அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தென்கரைக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் வைகை தென்பட்டது.

"எடத்தைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கான், மாயா," என்றார் உக்கிரபாண்டி. "கல்லு கெணத்துக்குள்ள கெடக்கு. அந்த எடத்துல நின்னு பாத்தா, அது போலீஸ் கேஸுதான். வேற எதுவா இருக்க முடியும்?"

"பிடிச்சிரலாம்ணே. இங்கதான் எங்கயாச்சும் இருப்பான்." காசிமாயன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "பேரை மாத்தியிருப்பான். ஊரைக் கேட்டா வேற ஊரு சொல்லியிருப்பான். எப்படி விசாரிக்கிறது?"

"பேரை மாத்துவான். நாலு வருசம் சொன்ன கதையை மாத்துவானா?"

கொடிக்காலுக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடிகள் ஏறி நின்றன. வாய்க்கால் ஈரத்தில் கால் குளிர்ந்தது. நிழலில் நாலைந்து பெண்கள் வெற்றிலையை அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார்கள். உக்கிரபாண்டி அவர்களிடம் பேரும் கேட்கவில்லை, அடையாளமும் கேட்கவில்லை.

"ஏத்தா, இந்தப் பக்கம் யாராச்சும், காத்தைக் குளுர வெச்சாத் தண்ணியாயிரும், கப்பல்ல வரும்னு கதை சொன்னாகளா?"

பெண்களின் கைகள் நின்றன. ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். வயதில் மூத்தவள், அழகம்மாள், கையிலிருந்த வாழைநாரைக் கீழே வைத்தாள்.

"சுடலை அண்ணனா?"

"சுடலைன்னா பேரு சொன்னாரு?"

"அப்படித்தான் சொன்னாரு. சுமை தூக்க வந்தவரு. நல்ல ஆளு. மத்தியானம் கஞ்சி குடிக்கையில அதே கதைதான். 'ஒரு நா வரும் பாரு, புகையே இல்லாத அடுப்பு, நீலக்கலர்ல எரியும்'பாரு. நாங்க சிரிப்போம். இந்தா, இவ கேப்பா, 'கப்பலு ஆத்து வழியா வருமாண்ணே, நான் ஏறிக்கிறட்டா'ன்னு." அப்படிக் கேட்டவள் என்று காட்டப்பட்ட சின்னப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க யாரு, சொந்தமா?"

"ஆமா," என்றான் காசிமாயன். உக்கிரபாண்டி திருத்தவில்லை.

அழகம்மாள் எழுந்து நின்றாள். சொந்தம் என்று கேட்டபின் உட்கார்ந்துகொண்டே சொல்லக்கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"போன மாசம். ரோட்டுல ஒரு ஜீப்பு நின்னுச்சு. பேண்டுச் சட்டை போட்டவரு என்னமோ கூப்பிட்டாரு. இவரு கட்டைப் போட்டுட்டு ஓடுனாரு. அக்கரைக்குப் போயிரலாம்னு நெனச்சாரு போல. அன்னைக்கு அணையில தண்ணி விட்டிருந்தாக. எறங்காதீக, எறங்காதீகன்னு நாங்க கத்துனோம். அவருக்கு ஆத்துப் பழக்கம் இல்ல. ஆறு இருக்கிற ஊர்க்காரன் அந்த எடத்துல எறங்க மாட்டான்." அவள் ஆற்றின் பக்கம் கையைக் காட்டவில்லை. "ஜீப்பு அதுக்குள்ள போயிருச்சு. மறுநா மதகுகிட்டத்தான் எடுத்தோம். போலீசு வந்து எழுதிக்கிட்டாக. எந்த ஊரு, யாரு பெத்தபிள்ளைன்னு எங்களுக்குத் தெரியல. யாரும் தேடி வரல. எங்க வீட்டு ஆம்பளைகதான் கரையிலேயே அடக்கம் பண்ணுனாக. பால் ஊத்தினோம். சுடலைன்னு சொல்லித்தான் ஊத்தினோம்."

காசிமாயன் ஒரு வெற்றிலையைக் கையில் எடுத்தான். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப அடுக்கிலேயே வைத்தான்.

"கருத்தக்கண்ணன்," என்றார் உக்கிரபாண்டி. "அவன் பேரு கருத்தக்கண்ணன், தாயி."

பெண்கள் அந்தப் பேரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

குருவிக்கரட்டில் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஊருக்கு வெளியே, கல் பிடுங்கின குழிகள் வரிசையாக, நேர்கோட்டில், கரட்டின் அடிவாரம் வரை போயின. ஒரு குழியில் ஆட்டுக்குட்டி ஒன்று வசதியாகப் படுத்திருந்தது. யாரோ ஒருவர் மட்டும், தாமதமாக, தென்னங்கன்று வைத்திருந்தார்.

"நான் சொல்லட்டுமாண்ணே?" என்றான் காசிமாயன்.

"வேணாம். நீ சொன்னா, வெளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுருவா."

ஒச்சாயி வீட்டு வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் மட்டும் நடந்து வருவதை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அவர்களுக்குப் பின்னால் மூன்றாவதாக யாராவது வருகிறார்களா என்று பாதையை ஒருதரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சுள்ளியை ஒடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

உக்கிரபாண்டி சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தென்கரை என்றார், ஆறு என்றார், அடக்கம் பண்ணியவர்கள் நல்ல மனிதர்கள் என்றார். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழுவாள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து காத்து நின்றார்கள். அவள் அழவில்லை. தென்னை வைக்காத வீட்டுக்காரர் ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அருகில் வராமல் ஒதுங்கி நின்றார்.

வெகுநேரம் கழித்து ஒச்சாயி தலையைத் தூக்கினாள்.

"ஏட்டையாவப் பாத்தீகளா?"

"பாத்தோம். உன் வீட்டுக்காரர் மேல ஒண்ணுமில்ல. திருடனும் இல்ல, குத்தவாளியும் இல்ல. கல்லைப் பத்தி ஒருத்தரும் கேக்கல."

"அப்ப கண்டெய்ட்டரு சொன்னாரே. ஆபீசுக்கு வரச் சொன்னாகன்னு." அவள் குரல் தெளிவாக இருந்தது. இரண்டு மாதமாகக் கேட்க வைத்திருந்த கேள்வி அது ஒன்றுதான். "என்னதான் சார் வந்துச்சு, அவரு பேர்ல?"

உக்கிரபாண்டி வாயைத் திறந்தார். பதில் நாக்கு நுனியில் இருந்தது, ஊரெல்லாம் சொல்கிற சொல், கண்டக்டர் சொன்னதிலிருந்து ஓர் எழுத்தும் மாறாத சொல். அவர் அதை விழுங்கினார். காசிமாயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உக்கிரபாண்டி அவளெதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் புதுப் பாடம் படிக்கும் பையனைப் போல, ஒவ்வொரு எழுத்தாக, அடிக்குரலில் சொன்னார்.

"எரிவாயு, தாயி."

"அப்படின்னா?"

"எரிவாயு," என்றார் மறுபடியும்.